ஒட்டகக் கன்றின் முதல் 12 மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டகப் பால் பற்றி உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையை இங்கே ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் இருந்து கைபேசியில் படித்தேன். துபாயில் 2006 முதல் பெரிய அளவில் ஒட்டகப் பால் பண்ணை நடப்பது, 2016-இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒட்டகப் பாலுக்குத் தர அளவு வகுத்தது, 2019-இல் அமுல் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது எல்லாம் சரியாகவே இருந்தன. பாலின் சத்து, விலை, சர்க்கரை நோயாளிகளின் ஆர்வம் என்று எதையும் விடவில்லை. ஆனால் கன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஊரில் கால்நடைப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, சில காலம் மாடு, ஆடுகளுக்கு ஊசி போட்டுத் திரிந்துவிட்டு, இங்கே ஒரு தனியார் ஒட்டகப் பண்ணையின் மருத்துவப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பல வருடங்களாகக் கன்றுக் கொட்டில்தான் என் பொறுப்பு. இங்கே கன்றை ‘ஹுவார்’ என்பார்கள், தாயை ‘நாகா’ என்பார்கள். மேய்ப்பவர்களில் சூடான்காரர்கள், பாகிஸ்தானியர், ராஜஸ்தானியரோடு நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சவூதியிலும் குவைத்திலும் கதை இதேதான். இந்தக் கடிதம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களில் நிறைய பேர் உங்கள் பேப்பரைக் கைபேசியில் படிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிறந்த நிமிடத்தில் ஒட்டகக் கன்றின் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய இல்லை. மனிதக் குழந்தைக்கு அப்படியில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் புரதம் நச்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒட்டகத்தின் நச்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே பல அடுக்குத் திசுக்கள் இருக்கின்றன. சத்து போகும், காற்று போகும், அவ்வளவு பெரிய புரதம் போகாது. மாடு, ஆடு, குதிரைக்கும் இதே நிலைமைதான். ஆக, 13 மாதம் வயிற்றில் இருந்து 35 கிலோ எடையோடு வெளியே வரும் ஒரு கன்று, மணலில் விழும்போது ஒரு கிருமியையும் எதிர்க்கத் தெரியாமல்தான் விழுகிறது.

அதைக் காப்பாற்ற இயற்கை வைத்திருப்பது சீம்பால் ஒன்றுதான். தாய் தன் ஆயுளில் எந்தெந்தக் கிருமியைச் சந்தித்ததோ, அவற்றுக்கு எதிரான புரதம் எல்லாம் அந்த முதல் பாலில் திரண்டு நிற்கும். கன்றின் குடல் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் இந்தப் புரதத்தைச் செரிக்காமல், உடைக்காமல், முழுசாக ரத்தத்துக்குள் விடும். பிறந்த 6 மணி நேரத்துக்குள் நன்றாக விடும். 12 மணி ஆகும்போது குறைந்துவிடும். ஒரு நாள் கழிந்தால் குடல் ஏறக்குறைய அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வாளி வாளியாகச் சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் உணவுதான், ரத்தத்தில் ஏறாது. இந்தக் கணக்கு தெரிந்தவன் பிரசவ நேரத்தில் தூங்க மாட்டான்.

குடிக்க முடியாமல் போவது எப்படி என்று கேட்கலாம். கன்று தானாக எழுந்து குடிக்காதா? பெரும்பாலும் குடிக்கும். ஓரிரண்டு மணி நேரத்தில் தட்டுத் தடுமாறி எழுந்து, தாயின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே முட்டித் தேடும். மாடு கன்றை நக்கி உலர்த்துமே, ஒட்டகம் நக்காது. முகர்ந்து பார்க்கும், மெல்ல முனகும், அவ்வளவுதான். கன்றின் உடம்பின் மேல் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும், அது தானாகக் காய்ந்து உதிரும். இங்கே கன்று ஈனும் பருவம் குளிர்காலம். பாலைவனத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் எவ்வளவு குளிரும் என்று ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஈரத்தோடு குளிரில் கிடக்கும் கன்று சோர்ந்துவிடும். சோர்ந்த கன்று எழாது. எழாத கன்று குடிக்காது.

தலையீற்றுத் தாய் என்றால் மடியில் வாய் பட்டாலே உதைக்கும். வயதான தாய் என்றால் காம்பு தடித்து, கன்றின் வாய்க்குள் நுழையாது. சில இடங்களில் மடிக்கு வலைப்பை கட்டும் பழக்கம் உண்டு. அதை அவிழ்க்க மறந்தால் கதை முடிந்தது. பிரசவம் கடினமாகி, இழுத்து எடுத்த கன்றாக இருந்தால் முகம் வீங்கி, உறிஞ்சவே தெரியாமல் படுத்திருக்கும்.

இன்னொன்று, பந்தய ஒட்டகங்களின் உலகத்தில் அதிகம் உள்ளது. நன்றாக ஓடும் பெட்டை ஒட்டகத்தைக் கர்ப்பமாக்கி 13 மாதம் நிறுத்திவைக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. அதன் கருவை எடுத்து வேறொரு சாதாரண ஒட்டகத்தின் வயிற்றில் வைப்பார்கள். 2009-இல் துபாயில் பிறந்த ‘இன்ஜாஸ்’ என்ற உலகின் முதல் நகல் ஒட்டகமும் வாடகைத் தாய் வயிற்றில் வளர்ந்ததுதான். கருவுக்கு எவ்வளவு பணம், எவ்வளவு கவனம்! ஆனால் சுமக்கும் தாயின் மடி எப்படி, காம்பு எப்படி, போன ஈற்றில் கன்றைச் சேர்த்துக்கொண்டதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. அந்தக் கோடி ரூபாய்க் கன்றின் உயிர், யாரும் கவனிக்காத அந்தத் தாயின் முதல் ஒன்றிரண்டு லிட்டர் பாலில்தான் இருக்கிறது.

அப்புறம் மனிதர்கள் செய்வது. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ராஜஸ்தான் வரை பல மேய்ச்சல் சமூகங்களில், சீம்பால் கெட்டியாக இருப்பதால் கன்றுக்குக் கழிச்சல் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதனால் முதல் பாலைக் கறந்து மண்ணில் விட்டுவிடுகிறார்கள், அல்லது கன்றைக் கொஞ்சம்தான் குடிக்க விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாக ஒட்டகத்தோடு வாழ்ந்தவர்கள். என்னுடன் வேலை பார்க்கும் சூடான் பெரியவர் ஒருவர், கன்று ஈனப்போகும் ஒட்டகம் நடக்கும் விதத்தைப் பார்த்தே எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரும் இந்த ஒரு விஷயத்தில் முதலில் எங்களோடு வாதாடினார். பால் குடித்த கன்றும் குடிக்காத கன்றும் ஒரே கொட்டிலில் வளர்ந்ததை ஒரு பருவம் முழுக்கப் பார்த்த பிறகு, இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிறார். கழிச்சலைக் கொண்டுவருவது சீம்பால் இல்லை. சீம்பால் போதாத கன்றைப் பிடிக்கும் ஈ-கோலி, ரோட்டா வைரஸ், சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான் கொண்டுவருகின்றன.

பால் போதாத கன்று முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் பெரிய ஏமாற்று. இரண்டாம் நாள் வெயிலில் குதிக்கும், எல்லோரும் கைபேசியில் படம் எடுப்பார்கள். மூன்று, நான்கு நாளில் தலை தொங்கும். மஞ்சளாகத் தண்ணீர் தண்ணீராகக் கழியும். தொப்புள் வீங்கிச் சீழ் பிடிக்கும், முழங்கால் மூட்டு சூடாகப் பருத்து நிற்கும், பிறகு கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அப்போதுதான் மருத்துவருக்குத் தகவல் போகும். கண் பட்டுவிட்டது என்பார்கள், குளிர் என்பார்கள், தாயின் பால் கெட்டது என்பார்கள். நான் தொப்புளைப் பார்த்துக்கொண்டே, பிறந்த ராத்திரி யார் பக்கத்தில் இருந்தது என்றுதான் கேட்பேன்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். திருவாடானைப் பையன் ஒருவன், புதிதாக வந்தவன், நடுச்சாமத்தில் போன் போட்டான். “அண்ணே, கன்னு விழுந்து ரொம்ப நேரமாச்சு, எந்திரிக்கவே மாட்டேங்குது. பெரிய ஆளுகளை எழுப்புனா திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு.” வாடகைத் தாய், கருவோ பெயர்பெற்ற பந்தய ஒட்டகத்தினுடையது. நான் போகும்போது பையன் தன் போர்வையைக் கன்றின் மேல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய்க்குள் விரலை விட்டேன், சில்லென்று இருந்தது. வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி விலாவில் வைத்தோம். தாயின் காம்பு நான்கும் என் கட்டைவிரலைவிடத் தடிமன். உட்காரவைத்து முன்னங்காலைக் கட்டி, பையன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்க, நான் கறந்தேன். கெட்டியாக, லேசான மஞ்சளாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பால். ரப்பர் காம்பு மாட்டிய புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் உறிஞ்சத் தெரியவில்லை. நாக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, தாடைக்குக் கீழே தடவிக்கொடுத்து, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விடிவதற்குள் மூன்று தடவையாக ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போனது. மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், புரதம் நன்றாக ஏறியிருந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை. பையன் போன் போட்டதுதான் மருத்துவம்.

வேறொரு பண்ணையில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி கன்று எழவில்லை என்று மேய்ப்பவன் மேற்பார்வையாளரிடம் சொல்ல, “காலையில் பார்க்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் மருத்துவரை அவர்கள் அழைத்தது நான்காம் நாள். மூட்டு எல்லாம் வீங்கிய கன்றுக்கு மருந்து, குளுக்கோஸ், பிளாஸ்மா (ரத்த அணுக்களைப் பிரித்த பின் மிஞ்சும் திரவம்) எல்லாம் ஏற்றியும் நிற்கவில்லை. அந்த மேய்ப்பவனின் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சொல்ல வேண்டியவன் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டியவர்தான் கேட்கவில்லை.

சரி, 24 மணி நேரம் தாண்டிவிட்டது, கன்று குடித்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்வது? முதலில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தில் ஒரு சொட்டைப் புரதமானியின் கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம். கையடக்கக் கருவிதான், வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்தால் கோடு தெரியும். ஒரு எச்சரிக்கை: கழிச்சலால் நீர் வற்றிய கன்றில் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது. இன்னொரு சோதனையில் துத்தநாக சல்பேட் கரைசலில் சீரத்தை விடுவோம். எதிர்ப்புப் புரதம் இருந்தால் கரைசல் கலங்கும். இல்லாவிட்டால் தெளிவாகவே நிற்கும். கலங்க வேண்டும் என்று மனசு துடிக்கும்.

மாட்டுக்கென்று செய்த நுட்பமான சோதனைப் பொருள்கள் ஒட்டகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஒட்டகத்தின் எதிர்ப்புப் புரதமே தனி ரகம். மற்ற பாலூட்டிகளில் இந்தப் புரதம் கனமான இரண்டு சங்கிலியும் லேசான இரண்டு சங்கிலியும் சேர்ந்தது. ஒட்டகக் குடும்பத்தில் அந்த வகையோடு, லேசான சங்கிலியே இல்லாத இன்னொரு வகையும் உண்டு. 1993-இல் பிரஸ்ஸல்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் இதை உலகத்துக்குச் சொன்னார்கள். இதன் நுனித் துண்டு மிகச் சின்னது, உறுதியானது. அதை வைத்து மனிதர்களுக்கு மருந்தே செய்துவிட்டார்கள். ரத்தம் கண்ட இடத்தில் உறையும் ஓர் அரிய நோய்க்கு, ஒட்டகத்தின் உறவான லாமாவிடம் இருந்து உருவாக்கிய காப்லாசிசுமாப் என்ற மருந்துக்கு 2018-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. மனித உயிரைக் காக்கும் இந்தப் புரதம் அதன் சொந்தக் கன்றுக்கு முதல் நாளில் கிடைக்காமல் போவதை என்னால் சகிக்க முடியவில்லை.

புரதம் போதவில்லை என்று தெரிந்தால் வழி பிளாஸ்மாதான். வாய் வழியாக ஏறாததை நேராக ரத்தக்குழாயில் ஏற்றுவது. பல காலமாக அதே மந்தையில் வாழும், ஆரோக்கியமான வளர்ந்த ஒட்டகத்திடம் இருந்து மருத்துவர் ரத்தம் எடுப்பார். அதே மந்தை என்பது முக்கியம், அந்த மண்ணின் கிருமிகளை அது பார்த்திருக்க வேண்டும். புருசெல்லா (கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி நோய்), சர்ரா (ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய்) போன்றவை இல்லை என்று முன்பே சோதித்திருக்க வேண்டும். குதிரை ரத்தம் என்றால் பையைத் தொங்கவிட்டாலே சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். ஒட்டகத்தின் முட்டை வடிவச் சிவப்பணுக்கள் அவ்வளவு லேசில் தங்காது, சுழற்றும் இயந்திரம் வேண்டும். மேலே நிற்கும் வைக்கோல் நிறத் திரவத்தைத் தனிப் பையில் எடுத்து, மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தால் ஒரு வருடம் இருக்கும்.

தேவைப்படும்போது உடல் சூட்டளவு வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, வடிகட்டி உள்ள குழாய் வழியாகக் கன்றின் கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றுவோம். கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி வரை. 35 கிலோ கன்றுக்கு 700 மில்லியில் இருந்து 1,400 மில்லி. முதல் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். நடுக்கம் வருகிறதா, மூச்சு வேகமாகிறதா, கண்ணைச் சுற்றி வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் கைபேசியைப் பக்கத்தில்கூட வைத்துக்கொள்வதில்லை. ஏற்றி முடித்து ஒன்றிரண்டு நாளில் மறுபடி ரத்தம் பார்ப்போம். கிருமி ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி, நீர், சூடு எல்லாம் கூடவே வேண்டும். பிளாஸ்மா நல்ல மருத்துவம், ஆனால் செலவு அதிகம், ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும். சீம்பால் குடலின் உள்சுவருக்கும் கொடுக்கும் காவலைப் பிளாஸ்மாவால் முழுசாகக் கொடுக்க முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்ப முதல் 12 மணி நேரத்துக்கே வருகிறேன்.

அந்த நேரத்தில் தாயின் பால் கிடைக்காவிட்டால்? தாய் செத்திருக்கலாம், மடி நோய் வந்திருக்கலாம். அதற்குத்தான் உறைபெட்டியில் சீம்பால் சேமிப்பது. கன்றை இழந்த தாயிடம் இருந்தோ, பால் மிகுதியான தாயிடம் இருந்தோ முதல் நாளிலேயே கறந்து, அரை லிட்டர்ப் பைகளில் தேதி எழுதி வைப்போம். நோய்ச் சோதனை முடிந்த தாயாக இருக்க வேண்டும். உருக்கும்போது தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடுப்பில் வைக்கவே கூடாது. நம் ஊரில் சீம்பாலைக் கருப்பட்டி போட்டு வேகவைத்தால் கட்டியாகத் திரண்டு வருமே, அப்படித் திரள்வதில் இந்த எதிர்ப்புப் புரதமும் சேர்ந்திருக்கிறது. நமக்குத் தின்ன நன்றாக இருக்கும், கன்றுக்குப் பயன்படாது. ஒட்டகச் சீம்பால் இல்லவே இல்லை என்றால் ஆட்டுச் சீம்பாலோ மாட்டுச் சீம்பாலோ கொடுக்கலாம். சும்மா விடுவதைவிட எவ்வளவோ மேல். கணக்கு, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் ஒரு நாளுக்குள், பல தடவையாகப் பிரித்து. 35 கிலோவுக்கு மூன்றரை லிட்டர். முதல் தடவை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உறிஞ்சாத கன்றுக்குக் குழாய் போட்டு வயிற்றில் விடலாம். ஆனால் பழகாதவர் தயவுசெய்து முயல வேண்டாம். குழாய் நுரையீரலுக்குப் போனால் நம் கையாலேயே கொன்றதாகிவிடும்.

கன்றுக் கொட்டிலில் வேலை செய்யும் தம்பிகளுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2012-இல் சவூதியில் முதலில் கண்டறிந்த மெர்ஸ் என்ற, நுரையீரலைத் தாக்கும் வைரஸ் ஒட்டகத்திடம் இருந்து மனிதனுக்கு வருவது. தாயிடம் இருந்து வந்த எதிர்ப்பு சில மாதங்களில் கன்றுக்குத் தீர்ந்துபோகும். அதன் பிறகு, இரண்டு வயதுக்கு உட்பட்ட இளம் ஒட்டகங்களிடம்தான் அந்த வைரஸ் அதிகம் காணப்படுகிறது. மூக்கு ஒழுகும் கன்றைத் தூக்கும்போது முகக்கவசம் போடுங்கள், கை கழுவுங்கள். பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள். புருசெல்லா காய்ச்சல் வந்து இடுப்பு வலியோடு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் சுமார் இரண்டரை லட்சம். ராஜஸ்தான் 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது, 2015-இல் வெட்டுவதற்கும் வெளியே கொண்டுபோவதற்கும் எதிராகச் சட்டம் போட்டது. 2022-இல் கன்றுக்கு 10,000 ரூபாய் உதவித் திட்டமும் கொண்டுவந்தது. தாயும் கன்றும் பதிவானதும் பாதி, கன்று ஒரு வயதைத் தாண்டியதும் மீதி. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு வயதைத் தாண்டுவதற்கு முன்னால் முதல் ராத்திரியைத் தாண்ட வேண்டும் அல்லவா? பிகானேரில் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை. மேய்ச்சலில் அலையும் ராய்க்காவிடம் (ராஜஸ்தானில் ஒட்டகம் வளர்க்கும் சமூகத்தவர்) உறைபெட்டி இருக்காது, பிளாஸ்மாவும் கிடைக்காது. அவரிடம் இருப்பது தாயும் கன்றும் அவர் கையும்தான். அது போதும். சீம்பாலைக் கொட்டாதே, காம்பைக் கறந்து அடைப்பை எடுத்துவிடு, ஆறு மணி நேரத்துக்குள் குடித்ததைக் கண்ணால் பார் என்கிற செய்தி மட்டும் அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும். ஈனுவதற்குச் சில வாரம் முன்பே தாயை ஈனப்போகும் இடத்திலேயே வைத்திருந்தால், அந்த இடத்துக் கிருமிக்கான எதிர்ப்பு பாலில் இருக்கும். இதற்கெல்லாம் காசு ஆகாது.

ஒட்டகம் இரண்டு வருடத்துக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஒரு கன்று போனால் மந்தையின் இரண்டு வருடம் போனது. பால் வியாபாரம் பேசுபவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தாய் ஒட்டகம் கன்று முதலில் வாய் வைத்தால்தான் பாலை இறக்கும். கன்று செத்தால் பாலும் சீக்கிரம் வற்றிவிடும். கன்றைக் காக்காமல் ஒட்டகப் பால் விற்க முடியாது. ஈன்ற முதல் சில நாள் பாலைக் கடைக்கு எடுக்க மாட்டோம் என்று வாங்கும் நிறுவனங்களே விதி வைத்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் மூலமாக மூன்று பேரிடம் கேட்க நினைக்கிறேன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கால்நடை மேய்க்கப் போகிறவர்களுக்கு விமானம் ஏறும் முன் ஒரு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகம் மனம்வைத்தால் பாடத்தைத் தமிழில் தயாரித்துவிடலாம். ஆட்டுக் குட்டிக்கும் மாட்டுக் கன்றுக்கும் இதே பாடம் பொருந்தும் என்பதால் ஊரிலேயே இருப்பவர்களுக்கும் உதவும். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா நடத்தும்போது, பாலைவனத்துக்குள் இருக்கும் இந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய் அரை மணி நேரம் பேசலாம். பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பண்ணை முதலாளிகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: கன்று விழுந்த ராத்திரியில் யாரை வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று மேய்ப்பவனுக்கு வாயால் சொல்லிவைத்து, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று கொட்டில் சுவரில் எழுதிப் போடுங்கள்.

கன்று பிறந்த நேரம், குடித்த நேரம், அளவு ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு சின்ன அட்டையைத் தமிழில் எழுதி, படத்தோடு எங்கள் கொட்டிலில் மாட்டியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தடுமாறுபவர்கூடக் கோடு போட்டு நிரப்பலாம். அதை இத்துடன் அனுப்புகிறேன். வேளாண் பக்கத்தில் இடம் இருந்தால் வெளியிடுங்கள். இந்தப் பருவத்தின் கன்றுகள் நவம்பரில் விழத் தொடங்கும், அதற்கு முன் வந்தால் உதவியாக இருக்கும். கடிதத்தின் நீளத்தை வெட்டுவது உங்கள் விருப்பம். சீம்பால் அளவும் நேரமும் உள்ள பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
கன்றுக் கொட்டில் உதவியாளர் ஒருவர்,
அல் ஐன், ஐக்கிய அரபு அமீரகம்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)